லேசர் கட்டர் ஹோமிங் ஆகவில்லையா? விரலால் அழுத்திப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொலுப்படிக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் தோரணம், வாசலுக்கு அக்ரிலிக் பெயர்ப்பலகை என்று சென்னையில் மொட்டைமாடி அறையிலும் சின்னக் கடையிலும் லேசர் கட்டர் வைத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அலைக்கழிக்கிற ஹோமிங் கோளாறைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஹோமிங் என்றால் லேசர் ஹெட் ஒரு மூலைக்குப் போய், அங்கிருக்கும் லிமிட் சுவிட்சைத் தொட்டு, கொஞ்சம் பின்வாங்கி நிற்பது. அந்த இடத்தை வைத்துத்தான் மற்ற எல்லா அளவையும் இயந்திரம் கணக்கிடுகிறது. இது தவறினால் பலகையின் நடுவில் விழ வேண்டிய எழுத்து ஓரத்தில் விழும். இல்லாவிட்டால் ஹெட் மூலையில் போய் முட்டிக்கொண்டு கடகடவென்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மோட்டார் உடனே கெட்டுவிடாது, ஆனால் பெல்ட்டும் புல்லியும் தேயும்.

சோதிக்கும் முன் டயோடு லேசர் என்றால் லேசர் மாட்யூலின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடிக் குழாய் உள்ள சிஓ2 இயந்திரத்தில் லேசரை இயக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். அதன் பவர் சப்ளையில் பல ஆயிரம் வோல்ட் இருப்பதால் அந்தப் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

ஹோமிங் ஆகவில்லை என்றதும் பலரும் செட்டிங்கைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். சரியாக இருந்த எண்ணும் கலைந்துபோனால், ஒரு கோளாறு இரண்டாகிவிடும். முதலில் சுவிட்சை விரலால் அழுத்திப் பாருங்கள்.

டயோடு இயந்திரங்களில் பெரும்பாலானவை ஜிஆர்பிஎல் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. கணினியில் இயந்திரத்தை இயக்கும் லைட்பர்ன் செயலியின் கன்சோலில், அதாவது கட்டளை அடிக்கும் கட்டத்தில், ஒரு கேள்விக்குறி அடித்தால் இயந்திரம் தன் நிலையைச் சொல்லும். ஹெட்டைப் படுகையின் நடுவில் வைத்து, எக்ஸ் சுவிட்சை அழுத்தியபடி கேள்விக்குறி அடியுங்கள். பதிலில் பிஎன் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எக்ஸ் வந்தால் சுவிட்சும் ஒயரும் போர்டும் நன்றாக இருக்கின்றன. எதுவுமே வராவிட்டால் ஒயரிலோ சுவிட்சிலோ போர்டிலோ கோளாறு. அழுத்தாதபோது வந்து, அழுத்தினால் மறைந்தால் டாலர் 5 ($5) என்ற செட்டிங் தலைகீழாக இருக்கிறது. அது 0 என்றால் 1 ஆக்குங்கள், 1 என்றால் 0 ஆக்குங்கள். இதே போல ஒய் சுவிட்சையும் பாருங்கள்.

ஒயரைச் சந்தேகித்தால் மின்சாரத்தைத் துண்டித்து, மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்துப் பாருங்கள். மூடிய சுவிட்ச் ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடல் காற்று படும் வீடுகளில் சுவிட்சின் உள்தொடுப்பும் கனெக்டர் பின்களும் களிம்பு பிடித்துவிடும். கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே சில சமயம் சரியாகும். ஆனாலும் அந்த சுவிட்சை மாற்றிவிடுவதே நல்லது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மைக்ரோ சுவிட்ச் எளிதாகக் கிடைக்கும். பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோய், லீவர் நீளமும் திருகுத் துளைகளின் இடைவெளியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சுவிட்ச் நன்றாக இருந்தும் ஹெட் எதிர்ப்பக்கம் ஓடினால், அம்புக்குறி பொத்தானால் நகர்த்திப் பாருங்கள். அதிலும் திசை தவறு என்றால் மாற்ற வேண்டியது டாலர் 3. அது சரியாக இருந்து ஹோமிங்கில் மட்டும் தவறு என்றால் டாலர் 23. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

கன்சோலில் வருவது அலாரம் 9 என்றால், தேடவேண்டிய தூரம் முழுக்கப் போயும் சுவிட்ச் கிடைக்கவில்லை. அலாரம் 8 என்றால், சுவிட்சைத் தொட்டபின் பின்வாங்கியும் அது விடுபடவில்லை. லீவர் வளைந்து ஒட்டியிருக்கலாம், எம்டிஎஃப் தூள் அடைத்திருக்கலாம். சுத்தம் செய்தும் அலாரம் 8 வந்தால், பின்வாங்கும் தூரமான டாலர் 27-ஐ 1 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆக்குங்கள். எக்ஸும் ஒய்யும் அசையாமல் அரை நிமிடம் கழித்து அலாரம் 9 வந்தால், புதிதாக ஏற்றிய மென்பொருள், உங்கள் இயந்திரத்தில் இல்லாத இசட் (மேல்-கீழ்) அச்சை முதலில் தேடுகிறது என்று பொருள். எக்ஸ், ஒய் மட்டும் ஹோமிங் செய்யும்படி மாற்றிய மென்பொருளை ஏற்ற வேண்டும். இன்னொன்று, ஹோமிங் கட்டளைக்கு எர்ரர் 5 வந்தால் ஹோமிங்கை இயக்கும் டாலர் 22 அணைந்திருக்கிறது. சுவிட்சே இல்லாத மாடல்களில் அது அணைந்திருப்பதுதான் சரி.

கே40 எனப்படும் சிறிய சிஓ2 இயந்திரங்கள் சிலவற்றில் சுவிட்சுக்குப் பதில் ஒளி சென்சார் இருக்கும். அதன் பிளவில் புகைப் பிசின் படிந்தால் ஹெட் வந்ததே அதற்குத் தெரியாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடையுங்கள். ரிப்பன் கேபிள் உள்ள மாடலில் எக்ஸ் மோட்டாரின் மின்சாரமும் சென்சாரின் சிக்னலும் அந்த ஒரே ரிப்பனில் வருகின்றன. மோட்டார் திக்கித் திக்கி ஓடி, சென்சாரும் வேலை செய்யாவிட்டால் ரிப்பனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, அதைக் கழற்றி நேராக அழுத்தி மாட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பொய் அலாரம் வருவது பெரும் தொல்லை. சுவிட்ச் ஒயர் மோட்டார் ஒயரோடு ஒரே கட்டாகப் போவதே காரணமாக இருக்கும். பிரித்து வேறு வழியில் கொண்டுபோங்கள். சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். அது 0.1 மைக்ரோ ஃபாரட்.

எல்லாம் முடிந்ததும் லேசரை மீண்டும் இணைத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, படுகையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஹோமிங் செய்து, ஹெட்டை டேப்பின் மேல் ஒரே இடத்துக்கு அனுப்பி, குறைந்த சக்தியில் ஒரு புள்ளி. இப்படிப் பத்து முறை. பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். சிதறினால் புல்லியின் கிரப் ஸ்குருவை ஆலன் கீயால் இறுக்கி, பெல்ட் தளர்வையும் பார்த்து, டேப்பை மாற்றி மறுபடி பத்து புள்ளி வையுங்கள்.

வணக்கம்.