ஆடம்பரம் என்னும் முரசு

அவையோர்க்கு வணக்கம். ஒருவருடைய எழுத்தைச் ‘சொல்லாடம்பரம்’ என்று நாம் குறைகூறும்போது, அவர் கடினமான சொற்களைக் கையாண்டார் என்பதே நம் குற்றச்சாட்டாக இருக்குமானால், அந்தச் சொல்லைத் தவறான இடத்தில் பயன்படுத்துகிறோம் என்றே கருதுகிறேன்.

ஆடம்பரம் வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு ஒருவகை முரசு, பேரிரைச்சல், யானையின் பிளிறல் என்றெல்லாம் பொருள் உண்டு. இதே குறையைச் சுட்டும் ‘பொம்பாஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லோ, உடைகளை உப்பலாகக் காட்ட உள்ளே திணித்த பஞ்சிலிருந்து பிறந்தது. ஒன்று காதுக்கு, மற்றொன்று கண்ணுக்கு. ஆனால் இரண்டிலும் உள்ளீட்டை மீறிய தோற்றமே குற்றம்.

ஆகவே ‘ஒளிச்சேர்க்கை’ என்று எழுதும் தாவரவியலாளரிடம் ஆடம்பரம் இல்லை. அந்தப் பொருளுக்கு அதைவிட எளிய சொல் அவரிடம் கிடையாது. மாறாக, ‘நாளை குடிநீர் வராது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘நாளைய தினம் குடிநீர் விநியோகப் பணியானது மேற்கொள்ளப்படமாட்டாது என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று ஓர் அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். இதில் அகராதியைத் தேடவைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் இதுதான் முழுமையான சொல்லாடம்பரம். ‘தினம்’, ‘பணியானது’, ‘இதன்மூலம்’ ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள், செய்தி சிறிதும் குறையாது. ‘மேற்கொள்ளப்படமாட்டாது’ என்பது இன்னும் மோசம்: தண்ணீரை நிறுத்துகிறவர் யார் என்பதையே அந்தச் செயப்பாட்டுவினை மறைத்துவிடுகிறது. முரசின் ஓசையில் ஆள் தப்பித்துவிடுகிறார்!

நன்னூல் என்னும் இலக்கண நூல், எழுதுவோர்க்கு ஆகாதவை என்று அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’, பொருளற்ற சொற்களைக் கோக்கும் ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்ற இரண்டும் இதற்கு மிக நெருங்கியவை. அருஞ்சொல் வழங்குவது அந்தப் பத்தில் ஒன்றாக இல்லை என்பதைத் தனித்தமிழ் நடையைக் கண்டாலே ‘பகட்டு’ என்று முகம் சுளிப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த நடை ஒருவருக்கு இயல்பாக அமைந்து, சொல்லும் பொருளும் அதைத் தாங்குமானால், அங்கே குறைசொல்ல ஏதுமில்லை.

இவ்வளவு பேசும் நான், இந்தக் கூட்டத்திற்கான அழைப்புக்கு என்ன பதில் எழுதினேன் தெரியுமா? ‘தங்கள் மேலான அழைப்பிற்கிணங்க வருகை தர இசைகிறேன்.’ ‘வருகை தருதல்’ பிறரை உயர்த்திச் சொல்லும் வழக்கு. அதை எனக்கே சூட்டிக்கொண்டதை நேற்றிரவு குறிப்பெடுக்கும்போதுதான் கவனித்தேன். ‘வருகிறேன்’ என்று எழுதியிருக்கலாம்.