ரப்பர் மரம் இலை கொட்டும் மாதம்: 1975இல் ஒரு தோட்டத்துச் சம்பள நாள்

[திரையில்: இலையில்லாத ரப்பர் மரங்கள். கீழே முழங்கால் வரை சருகு.]

வணக்கம். மலேசியாவுக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது என்போம். வடக்கு மாநிலமான கெடாவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வடக்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. அந்த வறட்சியில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். நிழல் போய்விடும். தோட்டத்துக்கு அதுதான் கோடை.

இன்றைக்கு நாம் போவது 1975 மார்ச், கெடாவின் சுங்கை பட்டாணி வட்டாரம், ஒரு சம்பள நாள். சம்பள நாளைத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டேன். படம், பலகாரம், கடைக்கடன், டவுன் பயணம் எல்லாம் அன்றைக்குத்தான் ஒன்றாக வந்து சேரும். அதில் எது எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை முடிவு செய்தது துரையோ (தோட்ட நிர்வாகி) கிராணியோ (எழுத்தர்) அல்ல, மரம்.

[ஒலி: பெரட்டு மணி]

விடிவதற்கு முன்பே பெரட்டு. மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பார். சர்க்கரை போட்ட கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி), இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான் வயிற்றில். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்கு, அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு, போகும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் மர நிரைக்குள் இறங்குவார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். இரவில் இலை வழியாக நீர் ஆவியாவது குறைவு, மரம் நீர் கட்டி நிற்கும். உளி பட்டதும் பால் வேகமாக வடிந்து, மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) விழும். வெயில் ஏறினால் வேகம் குறையும், அப்புறம் வெட்டு வாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு மரம் என்றால், வெயிலுக்கு முன் முடிக்க எவ்வளவு ஓட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நேரக் கணக்கில் ஒரு விஷயம் பலருக்கு மறந்துவிட்டது. அன்றைய மலேசியக் கடிகாரம் இன்றையதைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடியது. 1982 பிறந்தபோதுதான் முள்ளை முன்னே தள்ளினார்கள். அதனால் பழைய ஆட்கள் 'ஏழு மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துடும்' என்று சொன்னால் அது மிகை இல்லை.

[திரையில்: பால் ஸ்டோர். வரிசையில் வாளிகள்.]

காண்டா கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் ஸ்டோருக்கு வருவார்கள். நிறுத்துப் பார்ப்பதோடு முடியாது. கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார். அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை வைத்துப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். கணக்கு ரப்பருக்குத்தான். மங்கிலும் வெட்டிலும் காய்ந்துபோன ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு.

இலை கொட்டும் காலத்தில் மரம் தன் சத்தையெல்லாம் புதுத் துளிருக்குக் கொடுத்துவிடும். பால் இறங்காது. அதனால் மார்ச்சில் கைக்கு வரும் பிப்ரவரிச் சம்பளம் மெலிந்திருக்கும். அந்த வருஷம் விலையும் கைகொடுக்கவில்லை. 1974 கடைசியில் ரப்பர் விலை சரிந்து, சாமான் விலை ஏறி, இதே கெடாவின் பாலிங்கில் ஆயிரக்கணக்கான சிறு தோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். அது நடந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

எனவே சம்பளம் வாங்கியதும் முதலில் போகும் இடம் மளிகைக் கடை. சட்டைப்பையில் அடங்கும் சின்ன 555 நோட்டில் அரிசி, எண்ணெய், சார்டின் டின், நெத்திலி எல்லாம் கடனாக ஏறியிருக்கும். முழுதும் அடைக்கும் மாதமும் உண்டு. மார்ச் அப்படிப்பட்ட மாதமாக இருக்க வாய்ப்பு குறைவு. சிலருக்குக் கடைக்கு முன்னால் கள்ளுக்கடை வந்துவிடும், அந்த வீட்டுப் பெண்கள் சம்பள மேசைப் பக்கமே போய் நின்றுகொள்வார்கள்.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. துருவிய ஐஸைக் கையால் உருட்டி, சிவப்புச் சர்பத் ஊற்றித் தரும் ஐஸ் பந்துதான் அவர்களுக்குச் சம்பளம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைக்கும் விளையாட்டைப் பழைய நினைவு வீடியோக்களில் இந்த வெயிலோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். கொட்டை வெடித்து விழுவது ஆகஸ்டு வாக்கில். மார்ச்சில் மரத்தில் காயே இருக்காது.

பெரியவர்களுக்கு அந்த மாதம் ஹாக்கி. கோலாலம்பூர் மெர்டேகா ஸ்டேடியத்தில் உலகக் கிண்ணம். மலேசியா அரையிறுதி வரை வந்து, இந்தியாவிடம் 3–2 என்று தோற்று நான்காம் இடம் பிடித்தது. கிண்ணமும் இந்தியாவுக்கே. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) திண்ணையில் எந்தப் பக்கம் கை தட்டுவது என்பதில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சண்டை வராமல் இருந்திருக்குமா? தொலைக்காட்சி இருந்தாலும் கறுப்பு வெள்ளைதான், வண்ணம் 1978 டிசம்பரில்தான் வந்தது. பல வீடுகளில் அதுவும் இல்லை. டிரான்சிஸ்டரும் தமிழ் வானொலியின் நேயர் விருப்பமும்தான் துணை.

[ஒலி: ஜெனரேட்டர், தூரத்தில் ஒலிபெருக்கி]

இருட்டியதும் திடலில் படம். இரண்டு கம்பு நட்டு வெள்ளைச் சீலை கட்டுவார்கள். எம்.ஜி.ஆர். படமா சிவாஜி படமா என்பதில் தோட்டமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். பாயோடு முன்னால் வந்தவருக்கு முன் இடம். இடமில்லாதவர் சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து, இடது கையால் கத்தி சுழற்றும் கதாநாயகனைப் பார்ப்பார். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். கச்சாங் பூத்தே (கடலை, பயறு வகைகள்) விற்பவருக்கு வியாபாரமே அந்த இடைவெளிகளில்தான்.

தமிழ்ப் படம் மூன்று மணி நேரம் ஓடும். பால்மரம் வெட்டுகிறவர்கள் கடைசிச் சுருளுக்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வில்லன் என்ன ஆனான் என்பதை மறுநாள் பெரட்டில் யாராவது சொல்வார்கள்.