வால் வயருக்கு அளவு எடுப்பது எப்படி?

[காட்சி: பெங்களூர் பீன்யாவில் ஒரு ஷெட். துணி போர்த்தாத சிறு விமானம், குழாய் எலும்புக்கூடாக நிற்கிறது. கேமரா வால் பக்கம் நகர்கிறது.]

வணக்கம். பக்கத்து ஷெட்டில் லேத் ஓடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைப்பர் கப் விமானத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வாலில் செங்குத்தாக நிற்கும் ஃபின்னிலிருந்து, இரண்டு பக்கமும் படுக்கையாக நீளும் ஸ்டெபிலைசருக்கு வயர் வரும். அங்கிருந்து உடலின் அடிப்பக்கத்துக்கு இன்னொரு வயர் போகும். காற்று ஸ்டெபிலைசரைக் கீழே அழுத்தினால் மேல் வயர் பிடித்துக்கொள்ளும். மேலே தூக்கினால் கீழ் வயர். வயருக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும்.

[காட்சி: ஸ்டெபிலைசர் மேல் ஸ்பிரிட் லெவல், ஃபின்னிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு.]

டேப்பை இன்னும் எடுக்காதீர்கள். முதலில் வாலை நேராக்குங்கள். உடல் மட்டமாக நிற்கட்டும், பிறகு ஸ்டெபிலைசரை மட்டம் பார்த்து முட்டுக் கொடுங்கள். ஃபின்னுக்குத் தூக்குக்குண்டு. உடலின் நடுக்கோட்டில் முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஸ்டெபிலைசரின் இரு முனைகளுக்கும் நூல் பிடியுங்கள். இரண்டு நீளமும் ஒன்றாக வர வேண்டும். கோணலாக நிற்கும் வாலுக்கு அளவெடுத்தால், அந்தக் கோணலுக்கே வயர் செய்துவிடுவீர்கள். அப்புறம் டர்ன்பக்கிளை, அதாவது வயரை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள திருகை, முறுக்கி வாலை நேராக்கப் பார்த்தால் ஸ்டெபிலைசரின் குழாய்தான் வளையும்.

[காட்சி: ஓட்டைக்குள் நுழையும் பின், மிக அருகில்.]

அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். என் முதல் வயர் ஒன்பது மில்லிமீட்டர் நீளமாகிப்போனபோது அவர் சொன்னது: "பட்டையோட ஓரத்தைப் பார்க்காதீங்க தம்பி, ஓட்டையோட நடுவைப் பாருங்க." பட்டை என்பது வயர் முனையை விமானத்தோடு பிணைக்கும் உலோகத் துண்டு, அதன் ஓட்டையில்தான் பின் (ஊசி) நுழையும். ஒரு பின்னின் நடுவிலிருந்து மறு பின்னின் நடுவுக்கு என்பதுதான் வயரின் அளவு. இடது, வலது இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். வெல்டிங் செய்த உடலில் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக வருவது அபூர்வம்.

அளவைக் கணக்கிலும் சரிபார்க்கலாம். வெளிப்பக்கமாக 760 மி.மீ., உயரம் 460, முன்பின் விலகல் 120 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 896. டேப் வேறு எண் சொன்னால் ஏதோ ஒன்று தப்பு.

சரி, எவ்வளவு தடிமன்? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயர் பிடித்திருக்கும் இடத்தில் 100 கிலோ சுமை வருகிறது, ஸ்டெபிலைசரின் வேர்ப்பகுதி அதில் பங்கெடுக்கவில்லை என்று கொள்வோம். வயர் சாய்வாக இருப்பதால் அதில் விழும் இழுவை 100 அல்ல. 896-ஐ 460-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். 195 கிலோ. உயரம் 460-க்குப் பதிலாக 200 மட்டுமே கிடைத்தால்? கிட்டத்தட்ட 400 கிலோ. சுமை அதேதான், சாய்வு படுத்துவிட்டது, அவ்வளவுதான். இதன் மேல் 1.5 மடங்கு பாதுகாப்பு வைத்தால் 600.

3/32 இன்ச் ஸ்டெயின்லெஸ் கேபிள் 920 பவுண்டில், அதாவது 417 கிலோவில் அறும். முதல் கணக்குக்கு அது போதும், இரண்டாவதுக்குப் போதாது. 1/8 இன்ச், 7x19 (ஏழு புரி, புரிக்கு 19 இழை) ஸ்டெயின்லெஸ் கேபிள் 1,760 பவுண்டு, சுமார் 798 கிலோ தாங்கும். இந்த 100 கிலோ என் உதாரணம்தான். உங்கள் விமானத்தின் சுமையை வரைபடம் தந்தவரிடமிருந்தே வாங்குங்கள்.

[காட்சி: பலகையில் இரண்டு பின், நடுவில் கேபிள், திம்பிள், முலாம் பூசிய செம்பு ஸ்லீவ்.]

பலகையில் அதே தூரத்தில் இரண்டு பின் அடித்து, அதில் வைத்தே வயரைக் கட்டுங்கள். டர்ன்பக்கிளைப் பாதி திருகிய நிலையில் வைத்தால் இரு பக்கமும் இடம் கிடைக்கும். கேபிளைத் திம்பிள் என்ற உலோக வளைவில் சுற்றி மடக்கி, ஸ்லீவ் என்ற குழலுக்குள் விட்டுக் கருவியால் அழுத்த வேண்டும். 1/8 இன்ச் ஸ்லீவுக்கு மூன்று அழுத்தம்: நடு, திம்பிள் பக்கம், மறுமுனை. அழுத்தும்போது ஸ்லீவ் நீளும், அதனால் கேபிள் நுனி கொஞ்சம் வெளியே நிற்கட்டும். ஒவ்வொரு அழுத்தமும் சரியா என்று அளவு பார்க்கும் கேஜில் பாருங்கள். பிறகு அறும் சுமையில் 60 சதவீதத்தை, இந்தக் கேபிளுக்கு சுமார் 479 கிலோவை, மெதுவாக ஏற்றி மூன்று நிமிடம் வைத்திருங்கள். அந்த நேரத்தில் வயரின் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

மாட்டும்போது பட்டையைக் கவனியுங்கள். வயர் போகும் கோட்டிலேயே அதுவும் வளைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு அதிர்விலும் மடங்கி மடங்கி, அடியில் விரிசல் விடும். எனக்கு வயர் அறுவதைவிட இதுதான் பெரிய பயம்.

டர்ன்பக்கிளின் வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக் கூடாது. திருகு தானாகக் கழலாமல் இருக்க சேஃப்டி வயர் கட்டுங்கள்.

[காட்சி: வயரின் மேல் ஓடும் வெள்ளைப் பருத்தித் துணி.]

பறக்கத் தொடங்கிய பிறகு, பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து வயர் முழுக்க மெதுவாக இழுங்கள். கையால் வேண்டாம், குத்திவிடும். நூல் ஓரிடத்தில் மாட்டினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. அந்த இழையை நறுக்கிவிட்டுப் பறக்காதீர்கள். வயரையே மாற்றுங்கள்.