சபாபதியின்ட மனிசி சிவகாமி

வணக்கம் நேயர்களே. நான் இண்டைக்குக் கதைக்க வந்தது 1941 டிசம்பரில வந்த சபாபதி படத்தைப் பற்றி. பழைய படம் பாக்கிற ஆக்களிட்ட அந்தப் பேரைச் சொன்னா உடன காளி என். ரத்தினத்தையும் சி. டி. ராஜகாந்தத்தையும் தான் சொல்லுவினம், அவங்கட பகிடி அப்பிடி. ஆனா எனக்கு அந்தப் படத்தில பெரிய ஆள் சிவகாமி தான்.

கதை சின்னது. பணக்கார வீட்டுப் பெடியன் சபாபதி, டி. ஆர். ராமச்சந்திரன் நடிச்சவர், அந்த முழி பிதுங்கின பார்வையே போதும் சிரிக்க, படிப்பு ஏறாது, சோதனை எண்டா பெயில் தான். காளி என். ரத்தினம் நடிச்ச வீட்டு வேலைக்காரனுக்கும் அதே பேர், அவனுக்கு எதைச் சொன்னாலும் சொல்லுக்குச் சொல் அப்பிடியே எடுத்து வேலையைக் குழப்பிப்போடுவான். இதுக்குள்ள கலியாணம் முடிச்சு வாறவ சிவகாமி, ஆர். பத்மா நடிச்சவ, படிச்ச கெட்டிக்காரி. அவதான் புருசனை இருத்திப் பாடம் சொல்லிக் குடுத்து பாஸ் பண்ண வைக்கிறா.

இதை லேசா எடுக்காதேங்கோ. தமிழ்ப் படம் பேசத் தொடங்கினது 1931ல காளிதாஸோட, அதுக்குப் பிறகு வந்த படங்களில முக்கால்வாசி புராணக் கதை, மனிசி எண்டா புருசனுக்காக எமனோட வாதாடோணும் இல்லாட்டி நெருப்பில இறங்கோணும். இவவின்ட கையில இருக்கிறது புத்தகம்! ஒரு வீட்டுக்குள்ள புருசனை விட மனிசிக்குக் கூடத் தெரியும் எண்டதை வைச்சு, அதைக் குற்றமாக்காம, அவவைப் பொல்லாதவளாக் காட்டாம சிரிக்க வைக்கேலும் எண்டு அந்தக் காலத்திலயே செய்து காட்டியிருக்கினம். இப்பவும் எங்கட ஆக்கள் பொண்ணு கூடப் படிச்சிட்டா மாப்பிளை பாக்கத் தயங்கினம் தானே.

இது முதல்ல மேடை நாடகம், எழுதினவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891ல மதராசில சுகுண விலாச சபை தொடங்கினவர், வக்கீலாயிருந்து நீதிபதியானவர். கூத்தாடிகள் எண்டு நடிகர்மாரை ஒதுக்கி வைச்ச காலத்தில படிச்ச ஆக்களை வேசம் கட்ட வைச்சவர், பாட்டை விட வசனத்தால நாடகத்தைக் கொண்டு போனவர். அந்த சபை கடல் கடந்து கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் வந்து நாடகம் போட்டிருக்கு, ஆனபடியா எங்களுக்கும் அந்த மனிசன் தூரத்து ஆள் இல்லை. படத்தில பகிடி எல்லாம் ரெண்டு பேர் நிண்டு கதைக்கிற கதையில தான் இருக்கு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் விளங்கும், அது மேடையில இருந்து வந்த பலம்.

ரத்தினமும் மேடை தான். நாடகத்தில காளி வேசம் கட்டிப் பேர் எடுத்தபடியா தான் காளி என். ரத்தினம் ஆனவர், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில சின்னப் பெடியனா இருந்த எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக் குடுத்தவர். தமிழ் வாத்தியாரா வாற கே. சாரங்கபாணியும் அப்பிடித்தான், நாடகக் கம்பெனியில பழுத்த ஆள். டைரக்சன் ஏவி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும்.

இன்னொண்டும் சொல்லோணும். படம் வந்து நாலு மாசத்தில, 1942 ஏப்ரல் 9, எங்கட திருகோணமலைத் துறைமுகத்தில யப்பான்காரன் குண்டு போட்டான். மதராசிலயும் குண்டு விழப்போகுதெண்டு சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது அந்த மாசம் தான். அப்பிடி ஒரு பயம் பிடிச்ச காலத்துப் படம் இது, ஆனா அதுக்குள்ள இருக்கிற சிரிப்பில ஒரு பதட்டமும் தெரியாது.

எங்கட திருகோணமலைப் பக்கம் உவர்மலையிலயும் தம்பலகாமத்திலயும் நாடகம் பழக்கிற டீச்சர்மாரிட்ட எனக்கு ஒரு ஆசை இருக்கு. பள்ளிக்கூடங்களுக்கான தமிழ்த்தினப் போட்டி வருதெண்டா ஒருக்கா சபாபதி நாடகத்தை எடுத்துப் பாருங்கோ, செற்றுக்குச் செலவில்லை, ரெண்டு கதிரையும் ஒரு மேசையும் காணும். வேலைக்காரன் பாகத்துக்குப் பெடியன்கள் அடிபடுவாங்கள், அது பிரச்சினையில்லை. சிவகாமிக்கு மட்டும் நல்லாக் கதைக்கிற பிள்ளையாப் பாத்துப் போடுங்கோ.