சர்க்கரைவள்ளிக் கிழங்கு: இனிப்பு அடுப்பில்தான் உருவாகிறது

[காட்சி: மரப்பலகையில் இரண்டு தட்டுகள். ஒவ்வொன்றிலும் நெடுக்காகப் பிளந்த வெந்த கிழங்கு ஒன்று.]

வணக்கம். இந்த இரண்டு கிழங்குகளும் ஒரே கடையில், ஒரே கூடையிலிருந்து எடுத்தவை. எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். இடப்பக்கம் இருப்பது குக்கரில் நான்கு விசிலில் வெந்தது. வலப்பக்கம் இருப்பது மூடிய இரும்புக் கடாயில் சிறு தீயில் ஒரு மணி நேரம் கிடந்தது.

[காட்சி: கேமரா நெருங்குகிறது. விரலால் இரண்டையும் அழுத்திக் காட்ட வேண்டும்.]

குக்கர் கிழங்கு வெளிறி, மாவாக உதிர்கிறது. கடாய்க் கிழங்கின் நிறம் அடர்ந்திருக்கிறது. தோல் சுருங்கி, வெடித்த இடத்தில் பாகு கசிந்து, கருகி ஒட்டியிருக்கிறது. நான் எதிலும் சர்க்கரை சேர்க்கவில்லை. ஆனாலும் கடாயில் வெந்தது தெளிவாகவே கூடுதல் இனிப்பு.

கிழங்கு இனிக்கவில்லை என்றால் உடனே கடைக்காரரைக் குறை சொல்லிவிடுகிறோம். பல நேரம் குறை நம் அடுப்பில்தான் இருக்கிறது. ஏன் என்று பார்க்கலாம்.

[காட்சி: பச்சைக் கிழங்கைக் குறுக்கே வெட்டுதல். நெருக்கக் காட்சி.]

வெட்டிய உடனே தோலுக்குச் சற்று உள்ளே வட்டமாக வெள்ளைப் பால் துளிர்க்கிறது, பாருங்கள். கையில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், கறுத்துவிடும். அதனால் நிறையக் கிழங்கு நறுக்கும் நாளில் கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நறுக்கிய துண்டுகளை உடனே தண்ணீரில் போட்டால் நிறம் மாறாது.

இந்தச் சதையில் சர்க்கரை ஓரளவு இருக்கிறது. ஆனால் பெரும்பங்கு மாவுச்சத்துதான். அதோடு சேர்ந்தே பீட்டா அமிலேஸ் என்ற நொதியும் இருக்கிறது. மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுவது அதன் வேலை. கிழங்கு பச்சையாக இருக்கும்வரை அந்த வேலை பெரிதாக நடக்காது. உள்ளே சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டி மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் குழையத் தொடங்கினால்தான் நொதி மும்முரமாக இறங்கும். சூடு 80 டிகிரியைத் தாண்டிப் போனால் நொதியே செயலிழந்துவிடும். ஆக, இனிப்பு உருவாவதற்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். கிழங்கின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ, அவ்வளவுக்கு இனிப்பு ஏறும்.

குக்கரில் சூடு 100 டிகிரிக்கும் மேலே விரைந்து ஏறுகிறது. நொதிக்கு அவகாசமே இல்லை. மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே கதைதான். ஜப்பானில் குளிர்காலத்தில் தெருவில் விற்கும் யாகி-இமோ என்ற கிழங்கைச் சூடான கூழாங்கற்களுக்கு நடுவே புதைத்து நிதானமாகச் சுடுகிறார்கள். நம் ஊரில் விறகடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனவர்களும் இதைத்தான் செய்தார்கள். எரிவாயு அடுப்பு வந்த பிறகு நாம் அந்தப் பொறுமையை விட்டுவிட்டோம். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

[காட்சி: இரும்புக் கடாய், மூடி, நடுத்தர அளவில் மூன்று கிழங்குகள்.]

செய்முறை எளிது. நடுத்தர அளவுக் கிழங்குகளைக் கழுவித் துடைத்து முழுதாகவே கடாயில் அடுக்குங்கள். வெட்டக் கூடாது, சிறு துண்டுகளில் சூடு சட்டென்று நடுவுக்குப் போய்விடும். தண்ணீர் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கனமான மூடி போட்டு, அடுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கிழங்கின் பருமனைப் பொறுத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கத்தி முனை தடையின்றி நடுவரை இறங்கினால் வெந்துவிட்டது.

கடாய் இல்லையென்றால் இட்லிப் பானை. அடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கிழங்கைத் தட்டில் வைத்து, முதல் இருபது நிமிடம் சிறு தீயில் விடுங்கள். பிறகு தீயைக் கூட்டலாம். தண்ணீருக்குள் போட்டு அவிப்பதைவிட ஆவியில் வைப்பதே எனக்கு உகந்தது. தண்ணீரில் கொஞ்சம் இனிப்பு கரைந்து போகிறது, சதையும் நீர்கோத்துக்கொள்கிறது. குக்கர்தான் வேண்டும் என்றால், வெயிட் போடாமல் சிறு தீயில் ஆவியில் வேகவிடுங்கள்.

பொரியலுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. முழுக் கிழங்கை முக்கால் பதத்தில் எடுத்து, நன்றாக ஆறவிட்டுத் தோல் உரித்துப் பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துப் புரட்டி, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் குழையாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை நான் சொன்ன நிதான முறை உங்களுக்கு ஏற்றதல்ல. சுட்ட கிழங்கு, தண்ணீரில் அவித்த கிழங்கைவிட வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றும். நீங்கள் துண்டுகளாக நறுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவையுங்கள், குறைவாகச் சாப்பிடுங்கள், அந்த வேளையில் அதற்கேற்பச் சோற்றைக் குறையுங்கள். கிழங்கையும் முழுச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, காய்தானே என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

[காட்சி: சிவப்புத் தோல் வெள்ளைச் சதை, ஆரஞ்சுச் சதை, ஊதாச் சதை. மூன்று கிழங்குகளின் வெட்டு முகம்.]

எந்த நிறம் வாங்குவது? ஆரஞ்சுச் சதை கிடைத்தால் விடாதீர்கள். அந்த நிறமே பீட்டா கரோட்டின். நம் உடல் அதிலிருந்துதான் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. வெள்ளைச் சதையில் அது மிகக் குறைவு. ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க, இந்த ஆரஞ்சுக் கிழங்கை மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் மக்களிடம் கொண்டு சேர்த்தவர்கள் மரியா ஆந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர். உணவுப் பயிர்களில் சத்தேற்றும் திட்டத்தை வளர்த்த ஹோவர்த் பூயிஸோடு சேர்த்து அவர்களுக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பூ சோனா என்ற ஆரஞ்சு ரகத்தையும், பூ கிருஷ்ணா என்ற ஊதா ரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். நாம் வழக்கமாகச் சேர்க்கும் தேங்காய்த் துருவலே அதற்குப் போதும். ஊதாக் கிழங்கின் நிறம் தண்ணீரில் கரைந்துவிடும். அதை ஆவியில் மட்டும் வையுங்கள்.

[காட்சி: ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறது. காய்கறித் தட்டில் பச்சைக் கிழங்கு. கை அதை எடுத்து வெளியே வைக்கிறது.]

இப்போது சேமிப்பு. பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இது வெப்ப மண்டலப் பயிர். 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் கிழங்கின் திசுக்கள் பாதிக்கப்படும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேகவைக்கும்போதுதான் தெரியும்: எத்தனை நேரம் அடுப்பில் இருந்தாலும் நடுப்பகுதி மட்டும் கட்டியாக, பச்சையாகவே நிற்கும். சில நாளில் உள்ளே கறுத்து அழுகவும் செய்யும்.

இதற்கு உகந்த சூடு 13 முதல் 16 டிகிரி வரை. தோண்டியதும் காயங்களை ஆறவிட்டுப் பக்குவப்படுத்திய கிழங்கு அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் இருக்கும். நம் வீடுகளில் அதற்கு வழியில்லை. ஆகவே ஒன்றிரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கழுவாமல், ஒட்டிய மண்ணோடு, மூங்கில் கூடையிலோ சாக்கின் மேலோ பரப்பி வையுங்கள். வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள, அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் மூலை நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். பொங்கல் சமயத்தில் விலை மலிவு என்று மூட்டையாக வாங்குகிறவர்கள் காயம்பட்டதையும் முனை ஒடிந்ததையும் முதலில் பிரித்தெடுத்துச் சமைத்துவிட வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் தோண்டியவர்களுக்கு நம் வெப்பமே கைகொடுக்கிறது. 30 டிகிரியை ஒட்டிய சூட்டிலும் நல்ல ஈரப்பதத்திலும் நான்கு முதல் ஏழு நாள் நிழலில் பரப்பி, சாக்கால் தளர்வாக மூடி வைத்தால், மண்வெட்டி பட்ட காயங்களின் மேல் புதுத் தோல் படர்ந்துவிடும். அந்த நாட்களில் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாகவும் மாறும். தோண்டிய அன்றே அவித்துத் தின்பதைவிடப் பொறுத்துத் தின்பது ருசி.

வெந்த கிழங்கு வேறு கணக்கு. அது ஃபிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள். மூன்று நான்கு நாள் தாங்கும். மசித்துக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும். சப்பாத்தி மாவிலோ குழந்தையின் கஞ்சியிலோ சேர்க்க வசதி.

[காட்சி: சிறு துளைகள் உள்ள கிழங்கு. வெட்டினால் உள்ளே கறுப்புச் சுரங்கங்கள்.]

இதைக் கவனமாகப் பாருங்கள். கூன்வண்டு துளைத்த கிழங்கு இது. பூச்சியோ பூசணமோ தாக்கும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான நச்சுப் பொருள்களைச் சுரக்கிறது. வேகவைத்தாலும் அவை போகாது. ஆகவே கசக்கும் கிழங்கைத் துப்பிவிடுங்கள்; நல்ல பாகத்தை வெட்டி எடுக்கலாம் என்று பார்க்காதீர்கள். மாட்டுக்கும் போடாதீர்கள். பூசணம் பிடித்த சர்க்கரைவள்ளியைத் தின்ற மாடுகள் நுரையீரல் பாதித்து மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன. அந்தக் கிழங்கைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

முளைவிட்ட கிழங்குக்கு இந்தப் பயம் வேண்டாம். உருளைக்கிழங்கு முளையில் நஞ்சு உண்டு. சர்க்கரைவள்ளி அந்தக் குடும்பமே அல்ல, வள்ளைக்கீரையின் உறவு. கிழங்கு கெட்டியாக இருந்தால் முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம். தொய்ந்துபோயிருந்தால் ஒரு தொட்டியில் பாதி புதைத்து வையுங்கள். கொடி ஒரு சாண் வளர்ந்ததும் இளந்தளிரைக் கிள்ளிப் பருப்போடு கடைந்து சாப்பிடலாம். மிச்சக் கொடியை வெட்டி மண்ணில் பதித்தால் அடுத்த கிழங்கு அதிலிருந்தே வரும்.