மினிட்ஸ் புத்தகம் சொல்லும் வயது

நேயர்களுக்கு வணக்கம். ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எத்தனை வயது என்று தெரிய வேண்டுமா? பதிவுச் சான்றிதழைத் தேட வேண்டாம், நிர்வாகக் குழுக் கூட்டங்களில் நடந்ததைப் பதிவு செய்யும் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

முதல் பக்கங்களில் நோட்டீஸ் அடிப்பது யார், நாற்காலிக்குச் சொல்வது யார் என்றுதான் இருக்கும். தீர்மானம் போடுகிறவரே பெஞ்சையும் தூக்கிப் போடுவார். 1990இல் கார்ல் மத்தியாசன் என்ற அமெரிக்க ஆலோசகர் தொண்டு நிறுவன நிர்வாகக் குழுக்களின் வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். தொடக்கத்திலேயே இரண்டு வகை உண்டு என்றார் அவர். ஒன்று, நிறுவனர் சொன்னதற்கெல்லாம் கை தூக்கும் குழு. மற்றது, எல்லா வேலையையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் தன்னார்வலர் குழு.

உண்மையான இழுபறி இரண்டாம் கட்டத்தில்தான். சம்பளத்துக்கு ஆள் வந்தாயிற்று, நிதி கொடுப்பவர்கள் தணிக்கை அறிக்கை கேட்கிறார்கள். இனி குழுவின் வேலை பட்ஜெட், கொள்கை, இயக்குநரை நியமித்து அவர் பணியை மதிப்பிடுவது. சொல்லச் சுலபம். ஆனால், இத்தனை வருடம் வவுச்சர் எழுதியவருக்குக் கை சும்மா இருக்குமா? தபால்தலைச் செலவைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஆண்டு பட்ஜெட் இரண்டே நிமிடத்தில் நிறைவேறும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலை செய்ய வந்தவரிடம் அறிக்கை படிக்கச் சொன்னால் சலிப்பு வரத்தான் செய்யும். பழைய உறுப்பினர்கள் பலர் விலகுவதும் இந்தச் சமயத்தில்தான்.

மூன்றாம் கட்டத்தில் குழு பெரிதாகும். செல்வாக்குள்ளவர்கள் வருவார்கள், நிதி திரட்டுவார்கள். வேலையெல்லாம் துணைக்குழுக்களுக்குப் போய்விடும். நிதிக்குழு அறிக்கை கூட்டத்துக்கு முந்தைய இரவு வரும். யாரும் படிக்காமலே 'ஏற்கப்பட்டது' என்று பதிவாகும். லெட்டர்ஹெட்டில் பெயர் நிறைய, கூட்டத்தில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், இல்லை. எல்லா அமைப்பும் இங்கே வந்தே தீர வேண்டும் என்றில்லை; வராவிட்டால் குறையும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பதவிக்கால வரம்பு வையுங்கள். மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் இரண்டு முறை என்பது பல அமைப்புகளின் துணைவிதிகளில் இருக்கிறது. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் விலகினால் பழைய விஷயம் தெரிந்தவர்கள் எப்போதும் குழுவில் இருப்பார்கள். யாருடைய நாற்காலிக்கும் ஆபத்தில்லாத நேரத்தில் இந்த விதியை எழுதிவிடுங்கள். ஒருவரை அனுப்புவதற்காக எழுதினால் அது சண்டையில்தான் முடியும்.

அப்புறம், நிறுவனர். பொறுப்பை ஒப்படைத்த பிறகும் அவர் குழுவிலேயே உட்கார்ந்திருந்தால், புது இயக்குநர் பதில் சொல்லுமுன் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். ஓர் ஆண்டாவது அவர் கூட்டத்துக்கு வராமல் இருப்பது நல்லது.