சீமோன் வீட்டு விருந்து

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

யூத மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயர் கூட்டத்தைச் சேர்ந்த சீமோன், இயேசுவை விருந்துக்கு அழைத்த சம்பவம் வேதாகமத்தில் லூக்கா சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தில் வருகிறது. பாவியான ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, கண்ணீரால் அவர் பாதங்களை நனைத்துக் கூந்தலால் துடைத்ததைத்தான் நாம் அதிகம் பேசுவோம். அதே பந்தியில் இயேசு சீமோனிடம் பேசியதையும் கொஞ்சம் கவனியுங்கள். உன் வீட்டுக்கு வந்தேன், கால் கழுவத் தண்ணீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலைக்கு எண்ணெய் பூசவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சீமோன் வேதத்தைக் கரைத்துக் குடித்தவன். சாப்பாட்டிலும் குறை வைத்திருக்க மாட்டான். வாசலில் செய்ய வேண்டிய சின்ன உபசாரத்தில்தான் கோட்டை விட்டான். அவன் மனதில் அன்பு எவ்வளவு இருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆகவே, 'மரியாதையெல்லாம் வெளிவேஷம், உள்ளம்தான் முக்கியம்' என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. உள்ளத்தில் இருப்பது வேறு எந்த வழியாக வெளியே வரும்?

வேஷம் போடுகிறவர்களும் உண்டுதான். மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்பார்கள். தரையைத் துடைக்கிறவர் வந்தால், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் தூக்கிக்கொள்வார்கள். யாக்கோபு தன் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கண்டிப்பது இந்தப் புத்தியைத்தான். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம். அழுக்கு உடையில் வந்த ஏழைக்கு 'அங்கே நில், இல்லாவிட்டால் என் காலடியில் உட்கார்.' சபை கூடுகிற இடத்தில் நடப்பதாகத்தான் அவர் எழுதுகிறார்.

ஊர் ஊராகச் சபைகளை நிறுவிய பவுலைப் பாருங்கள். அடிமையான ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படி அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது, கட்டளையிட உரிமை இருந்தும் மன்றாடிக் கேட்கிறார். உன் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய எனக்கு மனமில்லை என்கிறார். நம் வீட்டில் எப்படி? வெளியாரிடம் 'கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா' என்று கேட்கிற அதே வாய், பெற்ற பிள்ளையிடம் 'எடு அதை' என்கிறது. அதுவும் குடும்ப ஜெபத்துக்கு ஆமென் சொன்ன கையோடு!

அப்புறம், அதிகாலையில் உரத்த சத்தத்தோடு சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. விடியுமுன்னே நம் போனை அலறவைக்கிற நல்ல மனிதர்கள் இந்த வசனத்தை ஒருமுறை படிக்கலாம்.

கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவ சபையார் சேர்ந்து சாப்பிடக் கூடியபோது, முந்தியவர்கள் வயிறுமுட்டக் குடித்தார்கள், மற்றவர்கள் பசியோடு இருந்தார்கள். இயேசுவை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்கிற கர்த்தருடைய பந்தியைப் பற்றி அவ்வளவு ஆழமாக எழுதிவிட்டு, பவுல் கடைசியில் சொல்கிற யோசனை எளிமையானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். சரி, இன்று இரவு அதைச் செய்துபாருங்களேன். வீட்டில் எல்லோரும் உட்காரும்வரை சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். எல்லோரும் என்றால், சமைத்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.